ஃப்ரீசருக்குத் தார்ப்பாய் சுற்றிய கதை

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் செவ்வந்திக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கங்கையம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலும் அவள் பிரஷரும் தவிர. உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், ஆனால் இந்தத் தடவை நான் அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே எனக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்காகத்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் 'நல்லா கீறேன் நைனா' என்கிறாய், அடுத்து டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார். உன்னோடு நர்ஸிங் படித்த பொன்னேரி ஜமுனா பொங்கலுக்கு வந்திருக்கிறாள், அடுத்த வாரம் ஜெர்மனிக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுக்கலாம் என்று உன் அம்மா பொட்டலம் கட்டி எடுத்துப்போனாள். அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'ஆன்ட்டி, இத்த எட்த்துகினு போனா என்னை ஏர்போர்ட்லயே உக்கார வெச்சிடுவாங்க'ன்னு சொல்லிவிட்டாளாம். பொன்னேரியில் பஸ் ஏறியதிலிருந்து பழவேற்காட்டில் இறங்குகிற வரைக்கும் உன் அம்மா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆகவே இது கருவாடு இல்லாத கடிதம், பொறுத்துக்கொள்.

ஊர்ச் செய்தி என்று பார்த்தால் மழை இந்த வருஷம் ஏரியை நிரப்பி முகத்துவாரத்தையும் நன்றாக அறுத்துத் திறந்துவிட்டது, அதனால் இறால் பரவாயில்லை, நண்டும் உண்டு. உன் தம்பி அஜித்குமார்தான் இப்போது படகை எடுக்கிறான், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவனைக் குறை சொல்கிறேன், அவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை, தொழில் ஒழுங்காக நடக்கிறது. வாடைக் காற்று காலையில் கொஞ்சம் கடிக்கிறது, இதையே குளிர் என்று சொன்னால் நீ சிரிப்பாய். பெரிய செய்தி என்னவென்றால் நம் வீட்டு ஃப்ரீசர் செத்துப்போனது. நான்தான் அதைக் கொன்றேன் என்று உன் அம்மா குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், அதில் முக்கால்வாசி உண்மை. அதை உனக்கு விவரமாக எழுதப்போகிறேன், அலுத்துக்கொள்ளாதே, ஏனென்றால் உன் வீட்டைச் சூடாக்கப் பின்புறம் ஒரு மிஷின் உறுமிக்கொண்டிருக்கிறது என்றாயே, அதற்கும் நம் ஃப்ரீசருக்கும் வயிற்றுக்குள்ளே இருப்பது ஒன்றேதான் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் எனக்கு இந்த ஃப்ரீசரை ரிப்பேர் பார்க்க ஆள் வந்த அன்றுதான் வந்தது, எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது தினமும் கரண்டு போய்க்கொண்டிருந்தது, போனால் பாதி நாளுக்கு வராது. நம் தெருவில் ஃப்ரீசர் இருப்பது நம் வீட்டில் மட்டும்தான், உன் அம்மாவுடையது என்று பேர்தானே தவிர உள்ளே பாதித் தெரு இருக்கும். கரையில் வியாபாரி சொன்ன விலைக்கு இறாலைத் தள்ளிவிடாமல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திருந்து நாமே கொண்டுபோய் விற்கலாம் என்ற தைரியம் இந்தப் பெண்களுக்கு அந்தப் பெட்டியால் வந்தது. ஆளுக்கொரு நிறத்தில் வலைநூல் கட்டி அடையாளம் வைத்திருப்பார்கள், பச்சை எதிர்வீட்டு அம்மணியுடையது, ஆரஞ்சு கடைசி வீட்டு ஷாலினியுடையது, நீலம் நம்முடையது. கரண்டு போனால் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் ஐஸோடு வாழ்ந்தவன் இல்லையா, படகில் ஐஸ் பெட்டியை என்ன செய்வோம், தெர்மகோல் அடைத்து, சாக்குப் போட்டு, தார்ப்பாய் சுற்றி, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டுவோம், அதையே ஃப்ரீசருக்கும் செய்தேன். நாலு பக்கமும் தெர்மகோல், அதற்கு மேல் பழைய தார்ப்பாய், அதற்கு மேல் வலைக்கயிற்றில் முடிச்சு. கீழே ஓர் ஓரத்தில் கம்பெனிக்காரன் ஜன்னல் மாதிரிக் கம்பி வைத்து ஓட்டை விட்டிருந்தான், அது வழியாகச் சுடச்சுடக் காற்று வந்துகொண்டிருந்தது, இந்தச் சூடு உள்ளே புகுந்துவிடும் என்று அதையும் சாக்கால் அடைத்தேன். சிரிக்காதே. மறுநாள் கரண்டு போய் வெகுநேரம் கழித்து மூடியைத் திறந்தால் இறால் கல்லாக இருந்தது, அம்மணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அது பலித்ததுதான் வினையாகப் போயிற்று. மழை விட்டு, கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் நான் தார்ப்பாயை எடுக்கவில்லை, நன்றாக வேலை செய்வதை எதற்கு அவிழ்ப்பது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முன்பெல்லாம் அது கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் ஓயும், அந்த ஓய்வே இல்லாமல் போயிற்று. உன் அம்மா 'இன்னாய்யா இது, மூச்சே வுடாம ஓடிகினு கீது'ன்னு கேட்டாள், நான் சரக்கு அதிகம் அதனால்தான் என்றேன். பிறகு அது கிளம்பும்போதெல்லாம் வீட்டு லைட் ஒரு தடவை மங்கி எரிந்தது, நான் ஊர் கரண்டைத் திட்டினேன். அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம், கிளம்பப் பார்க்கும், உறுமும், டக்கென்று நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் உறுமும். படகு எஞ்சின் என்றால் பிளக்கைக் கழற்றித் துடைப்பேன், இதற்குப் பிளக் சுவரில் அல்லவா இருக்கிறது, அதைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். இறால் எடுக்கப் போனால் தனித்தனியாக வராமல் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தது, ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்பது ஐஸில் கைவைத்த யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஷாலினி மூடியைச் சரியாக மூடுவதில்லை என்றேன். பாவம் அந்தப் பெண், இரண்டு நாள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. நம் கறுப்புப் பூனை ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஃப்ரீசர் ஓரத்திலேயே படுத்துக்கிடந்தது, மீன் வாசனைக்கு என்று நினைத்தோம், கதகதப்புக்கு என்று தோன்றவில்லை. மார்கழியில் சத்தம் தாங்க முடியாமல் போயிற்று, போல்ட் கழன்ற எஞ்சின் மாதிரி அந்தப் பெட்டியே ஆடியது, உன் அம்மா தூக்கம் கெட்டு என்னைத் திட்டினாள், நான் டயர் துண்டு வெட்டி நாலு காலுக்கும் அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் சத்தம் அடங்கிவிட்டது. நிற்கவில்லை கண்ணு, ஓடிக்கொண்டுதான் இருந்தது, காதை வைத்துக் கேட்டால் வண்டு மாதிரி மெல்லிசாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். ஆட்டம் இல்லை, டக்கென்ற சத்தம் இல்லை, லைட் மங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. எல்லாம் டயர் செய்த வேலை, மிஷின் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று அஜித்குமாரிடம் சொன்னேன், அவனும் புது எஞ்சின்கூட ஆரம்பத்தில் கத்திவிட்டு அப்புறம் பதமாக ஓடும் என்று தலையாட்டினான். கடலில் எங்கள் உயிரே எஞ்சின் சத்தத்தில்தான் இருக்கிறது, சத்தம் நன்றாக இருந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அந்த வாரம் உன் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினாள். பொங்கலுக்காக ஃப்ரீசர் நிரம்பி வழிந்தது, மேலே ஐஸ் போட்ட புதுச் சரக்கு அடைத்திருந்ததால் யாரும் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்கவில்லை. பூனை மட்டும் எழுந்து அடுப்பு ஓரத்துக்குப் போய்விட்டது. அது ஏன் இடம் மாறியது என்று ஒருத்தராவது யோசித்திருக்கலாம். போகிக்கு முதல் நாள் அம்மணி வந்து தன் பச்சை முடிச்சைத் தேடிக் கையை உள்ளே விட்டவள், விட்ட வேகத்தில் வெளியே இழுத்தாள், முழங்கை வரைக்கும் தண்ணீர். அதற்கப்புறம் வந்த நாற்றத்தை நான் எழுத வேண்டாம்.

காய வைக்கத் தேறியதைக் கருவாடு போட்டோம், மிச்சத்தைச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். தெருப் பெண்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் குறையை உன் அம்மா தீர்த்துவைத்தாள், அவள் திட்டியது ஏரிக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். பழவேற்காட்டிலிருந்து முகைதீன் பாயின் மகன் சஃப்வான் வந்தான், ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்க்கிறவன், சின்ன வயதில் உன்னோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன், வாய் ஓயாமல் பேசுவான், டீ மட்டும் மூன்று கேட்பான். வந்து நின்று பெட்டியைப் பார்த்தவன், 'இன்னா மாமா இது, பொட்டியப் பாடையில கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க'ன்னு கேட்டுவிட்டு என் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் திண்டாடினான். தெர்மகோலை உரித்த பிறகு பக்கவாட்டுத் தகட்டைத் தட்டிக் காட்டி, 'உள்ள கீற சூட்ட எடுத்து இந்தத் தகடு வழியாத்தான் வெளிய வுடுது மாமா, நீங்க அதோட மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திட்டீங்க'ன்னு சொன்னான். ஐஸ் பெட்டி குளிரைக் காப்பாற்றி வைக்கும், அதைப் போர்த்தலாம். ஃப்ரீசர் சூட்டை வெளியே தள்ளும், அது தள்ளுகிற வழியை மூடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம், எனக்கு அது தெரியாமல் போயிற்று. பின்னால் இருந்த கறுப்பு உருண்டையைக் காட்டினான், அதுதான் கம்ப்ரசராம், அதிலிருந்து போகிற குழாயை என்னைத் தொடச் சொன்னான், தொட்டேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. 'இது சுடணும் மாமா, ஓடிகினு கீது, ஆனா தள்ளல, உள்ள வால்வு போச்சு'ன்னு சொன்னான். நான் விடாமல், போன வாரத்திலிருந்து சத்தமே இல்லையே, நன்றாகத்தானே ஓடியது என்று கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, 'பாரத்தத் தூக்குறப்போதான் மாமா முக்கும் முனகும், கீழ போட்டுட்டா எதுக்கு முனகணும்'ன்னு சொன்னான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குத்தான் அது எங்கேயோ போய் இடித்தது.

இப்போது உன் மிஷினுக்கு வருகிறேன். மார்கழியில் நீ பேசும்போது, வீட்டுக்கு வெளியே இருக்கிற பெட்டியில் பனி அப்பிக்கொண்டு உறுமுகிறது, வீடு சரியாகச் சூடேறவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாய். உடனே உன் நைனா என்ன சொன்னான், நல்ல கனமான போர்வையாகப் போட்டுத் தார்ப்பாய் சுற்றிக் கட்டிவிடு என்றான். அது தப்பு என்று சஃப்வான் போன அன்றைக்கே உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் அவன் சொன்னதை முழுசாக எழுதிவிடுகிறேன். நம் ஃப்ரீசர் மீனில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே விடுகிற மாதிரி உன் மிஷின் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறதாம். பனி கொட்டுகிற ஊரில் காற்றில் ஏதடா சூடு என்று கேட்டேன், 'ஐஸ் மீன்லயே சூடு கீதுன்னா பனிக் காத்துல இருக்காதா மாமா'ன்னு கேட்டான், யோசித்துப் பார்த்தால் சரிதான். அதனால் அதைச் சுற்றிக் காற்றுப் போய்வர இடம் வேண்டும், போர்வை கீர்வை எதுவும் கூடாது, முன்னால் பனி குவிந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். மெல்லிசாக வெள்ளை படர்வது சகஜமாம், அவ்வப்போது அதுவே ஆவி விட்டு உருக்கிக்கொள்ளுமாம், ஆனால் நாள் முழுக்க உருகாமல் கட்டியாக நின்றால் ஏதோ கோளாறு, கத்தியால் மட்டும் குத்திவிடாதே, குழாய் ஓட்டையாகிவிடும். ஓயாமல் ஓடியும் வீட்டுக்குள் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை என்றாலோ, கிளம்பப் பார்த்து டக்கென்று நிற்கிறது, லைட் மங்குகிறது, சுவிட்சு தானாக விழுந்துவிடுகிறது என்றாலோ, புதுசாகக் கடகடவென்று உலோகச் சத்தம் வந்தாலோ, கரண்டு பில் காரணமில்லாமல் எகிறினாலோ கம்ப்ரசர் பக்கம் கோளாறு இருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம், ஆள் வந்து பார்த்தால்தான் தெரியும், நீயாக எதையும் திறக்காதே. போட்டோ எடுத்து உன் வீட்டுக்காரம்மாவுக்கு எழுத்திலேயே அனுப்பு, வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, உறுமிக்கொண்டிருந்த மிஷின் திடீரென்று சாதுவாகிவிட்டால் சந்தோஷப்படாதே, போய்க் கையை வைத்துப் பார், வீடு சுடுகிறதா என்று பார்.

இதைப் போனில் சொன்ன அன்று என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. போர்வையை எடுத்துவிடு, சுற்றவே கூடாதாம் என்று சொன்னேன். நீ 'சரி நைனா' என்றாய். போனை வைத்த பிறகு கரைக்குப் போய்ப் படகோரம் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுக் கால்களைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் தோன்றியது, மார்கழியில் போர்வை சுற்று என்று சொன்னபோதும் நீ 'சரி நைனா' என்றுதான் சொன்னாய். சுற்று என்றாலும் சரி, அவிழ் என்றாலும் சரி. செவ்வந்தி, நீ யார் என்று எனக்குத் தெரியாதா? நான் கிழக்கு என்றால் மேற்கு என்று சொல்லி, கையோடு அதற்கு நாலு காரணமும் சொல்கிறவள் நீ. நர்ஸிங் வேண்டாம், ஆசிரியர் வேலைக்குப் படி என்றதற்கு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து சாதித்தவள். ஏரியில் எந்தப் பக்கம் வலை போட வேண்டும் என்று எனக்கே சொன்னவள். இதே மிஷினைப் பற்றிப் போன வருஷம் நான் ஏதாவது உளறியிருந்தால், 'உனக்கு இன்னா தெரியும் நைனா, சும்மா கெட'ன்னுதான் சொல்லியிருப்பாய். நான் தலைகீழாகச் சொன்னதற்கெல்லாம் சரி சொல்கிற பெண் யார் என்று எனக்கே தெரியவில்லை. நண்டைப் பிய்க்க முடியவில்லை, வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, நீ அலுத்துப்போயிருப்பாய், பாவம் என்று இழுத்தாள், அப்புறம் அவளே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முதல் குளிர்காலத்தில் நீ எப்படிக் கத்துவாய், ரொட்டி செங்கல் மாதிரி இருக்கிறது, சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது, வார்டில் ஒரு கிழவர் நீ பேசுகிற ஜெர்மனைக் கேட்டுச் சிரிக்கிறார், மொழிப் பரீட்சையில் வாய் குழறிவிட்டது என்று மணிக்கணக்கில் புலம்புவாய், நீ வைத்த பிறகு உன் அம்மா மூக்கைச் சிந்துவாள், நான் புலம்புகிற பொண்ணு நன்றாகத்தான் இருக்கிறாள் போடி என்பேன். ஆவணி தாண்டிய பிறகு புலம்பல் நின்றது. நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா, பொண்ணு பழகிவிட்டாள், ஒரு நிலைக்கு வந்துவிட்டாள் என்று எதிர்ப்பட்டவரிடம் எல்லாம் சொன்னேன், ஃப்ரீசரைப் பற்றிச் சொன்ன அதே வாயால். நீ வீட்டுக்குள்ளேயே தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தாய், ஸ்டைல் என்றாய், நாங்கள் சிரித்தோம். அப்புறம் கேமரா கெட்டுப்போய்விட்டது என்றாய், குரல் மட்டும்தான். தீபாவளிக்கு அங்கே உங்கள் ஆட்கள் கூடினார்களே, நீ வரவில்லை, பல மாதமாகத் தன் போனையே எடுப்பதில்லை என்று ஜமுனா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இதையெல்லாம்விட உன் அம்மா கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. போனை எடுத்ததும் நீ முதலில் கேட்பது 'மாத்திரை போட்டியா'தானே, போடவில்லை என்று தெரிந்தால் போனிலேயே அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாயே. எப்போதிலிருந்து நீ அதைக் கேட்கவில்லை என்று அவளுக்கு நினைவே வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு அழுதாள்.

அதனால் நேராகவே கேட்கிறேன், என்னம்மா ஆயிற்று? அந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டாயா, தோற்றால் தோற்றது, உன் நைனா பத்தாவதை மூன்று தடவை எழுதியவன். ஆஸ்பத்திரியில் யாராவது உன்னைக் கேவலமாகப் பேசுகிறார்களா, பெயரைச் சொல். யாரையாவது பிடித்துப்போய் அது சரிவரவில்லையா, சொல், உன் அம்மா ஒரு நாள் கத்துவாள், மறுநாள் அவளே அவனைத் திட்டுவாள். இல்லை, இன்னதென்று சொல்லத் தெரியாமல் எழுந்திருக்கவே மனசு வராமல் கிடக்கிறாயா, அப்படியும் மனிதர்களுக்கு வரும், ஜுரம் மாதிரி அதற்கும் டாக்டர் இருக்கிறார்கள் என்று நீதான் எனக்கு ஒரு தடவை சொன்னாய், நர்ஸுக்கு மட்டும் அது வரக் கூடாது என்று சட்டமா? ஊர் என்ன சொல்லுமோ என்று நினைத்து நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கும் நான்தான் காரணம், எனக்குத் தெரியும். நீ போனபோது பையன்கள் பாலத்துக்குப் பக்கத்தில் பேனர் கட்டினார்களே, லைட்ஹவுஸ் குப்பத்தின் பெருமை என்று உன் படத்தைப் போட்டு, அதன் கீழே நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியவன் நான். அந்தப் பேனரை இப்போது உன் அம்மா கருவாட்டுக்கு மேலே போர்த்துகிறாள், நல்ல கனமான பேனர், மழைக்கு அசைவதில்லை, உன் முகத்தைப் பார்த்துக் காக்காயும் கிட்டே வருவதில்லை. பெருமை அவ்வளவுதான் கண்ணு, அதற்காக நீ அங்கே குளிர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வர வேண்டும் என்று தோன்றினால் கிளம்பி வா. ஏன் வந்தாய் என்று கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு ஜெர்மனிக்கு வரத் தெரியாது, ஏர்போர்ட்டுக்கு வரத் தெரியும். அங்கேயே இருந்து சமாளிக்க வேண்டும் என்று தோன்றினால் அதையும் செய், ஆனால் எங்களிடம் கத்திக்கொண்டே சமாளி.

ஃப்ரீசருக்கு வேறு கம்ப்ரசர் மாட்டியாயிற்று, சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனாலே உன் அம்மா துடைப்பத்தை எடுக்கிறாள். ஷாலினியிடம் போய் உன் மேல் பழி போட்டது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன், அவள் சிரித்துவிட்டு நாலு நண்டு கொடுத்தனுப்பினாள். ஜமுனாவிடம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாது, நேரில் வந்து உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவள் லீவு முடிவதற்குள் உன் ஊருக்கு ரயில் ஏறி வருவாள், கதவைத் திற, உள்ளே கூப்பிட்டு உட்கார வை. வீடு எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அவளும் பார்க்கட்டும், வீட்டுக்காரம்மாவுக்கு எழுத அவளும் கூட இருக்கட்டும். நீ கேட்கிற வரைக்கும் மாத்திரையே போடப்போவதில்லை என்று எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள் உன் அம்மா, பொய், காலையில் விழுங்கியதை நான் பார்த்தேன். இருந்தாலும் நீ கேள்.

கங்கையம்மன் உன்னைத் தன் மடியிலேயே வைத்துக் காப்பாற்றட்டும், உடம்பும் மனசும் தேறி நீ நூறு வயது எங்களோடு சண்டை போட வேண்டும். இதைப் படித்து முடித்ததும் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன், கடலில் இருந்தால் அஜித்குமார் எடுத்து என் காதில் வைப்பான். ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன், 'சரி நைனா' என்று மட்டும் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தில் நான் இவ்வளவு உளறியிருக்கிறேனே, அதில் எதையாவது ஒன்றைப் பிடித்து, உனக்கு இன்னா தெரியும் நைனா என்று ஆரம்பி. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் சண்டைக்குக் காத்திருக்கும்,
நைனா
கோதண்டம்